எனக்கு அடுத்த ரேங்க் ஸ்டெல்லா

1999

ஜூலை 27, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நாளை மல்லேஸ்வரத்தில் கவுன்சலிங். எடுத்துவைக்க: பி.யூ. மார்க்ஸ் கார்டு, ரேங்க் கடிதம், சாதிச் சான்றிதழ், போட்டோ, குடை.

முடிவு: இன்ஜினியரிங் வேண்டாம். பி.எஸ்சி. தாவரவியல். அப்பாவிடம் சொல்லியாயிற்று. நாளை போவது அம்மாவின் திருப்திக்காக மட்டும்.

அம்மா: "ரேங்க் வந்தும் செடி புடுங்கப் போறாளாம். ஜோகுபாளையமே சிரிக்கும்."

அப்பா: "அல்சூர் ஏரியில இவளுக்குத் தெரியாத பாசி கிடையாது. சிரிக்கிறவன் வந்து ஒண்ணுக்குப் பேர் சொல்லட்டும்."

இலைகளை உலர்த்திவைக்க, பேக்டரியில் கழித்துப் போட்ட பலகையில் அப்பா செய்துகொடுத்த அழுத்துப்பலகை கட்டிலுக்கடியில். நான்கு மூலையிலும் திருகு. லேத் ஓட்டுகிற கை. உள்ளே ஒரு இலைகூட மடங்கியதில்லை.

ஜூலை 28, புதன்

எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

வரிசை ரேங்க்படி. எனக்கு அடுத்த ரேங்க் ஸ்டெல்லா என்ற பெண். கே.ஜி.எஃப்.பிலிருந்து விடிகாலை ரயிலில் அம்மாவோடு வந்திருந்தாள். அப்பா டீ குடிக்கப் போனதும் பேச ஆரம்பித்தாள். டிபன் மூடியில் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தாள். அவள் அப்பாவுக்குச் சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுவிட்டதாம். ராத்திரி மூச்சு முட்டினால் பிடித்து உட்காரவைக்க ஆள் வேண்டும். ஹாஸ்டல் முடியாது, தினமும் ரயிலில் வீடு திரும்ப வேண்டும். ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரே காலேஜ், கே.ஆர்.புரம் பக்கம்.

"மைன்ஸ மூடப்போறாங்களாம். கம்ப்யூட்டர்னா படிச்ச கையோட வேல. அந்தக் காலேஜ்ல அது கெடைச்சா போதும், நான் தப்பிச்சேன்."

வெளியே டி.வி.யில் காலியிடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலேஜில் கம்ப்யூட்டர் மூன்று, பிறகு இரண்டு. எங்கள் முறை நெருங்கும்போது ஒன்று. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எடுக்கமாட்ட இல்ல?"

நான் பேசிய பேச்சு! "எல்லாரும் ஆட்டு மந்தை மாதிரி கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு ஓடறாங்க. நான் செடிய படிக்கப் போறேன். பயப்படாத, அது உனக்குத்தான்." என்னமோ என் வீட்டுச் சொத்தைத் தானம் செய்வதுபோல.

உள்ளே அப்பா பக்கத்தில். அதிகாரி திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "ஒந்தே உளிதிதே. பேகா?" ஒன்றுதான் மிச்சம், வேண்டுமா.

அப்பா மெதுவாக: "உனக்குப் புடிச்சதச் சொல்லும்மா. அம்மாவ நான் பாத்துக்கறேன்."

ஒன்றுதான் மிச்சம் என்ற அந்த நிமிஷத்தில் அது வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு முந்தைய நிமிஷம்வரை வேண்டாம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை. "பேகு" என்றேன்.

வெளியே டி.வி.யில் ஒன்று பூஜ்யமானதை அவள் பார்த்திருப்பாள். பக்கத்துக் கதவு வழியாக வெளியேறிவிட்டேன். அவள் டிபன் மூடி என் பையில்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

அம்மா தெருவுக்கே மைசூர்பாக் கொடுத்துவிட்டாள். மாடி வீட்டுக்காரர்: "ரெண்டாயிரம் பொறக்கப்போகுது, ஒய்டூகே பிரச்சன வருதும்மா, கம்ப்யூட்டர் படிச்சவங்கள கையில புடிக்க முடியாது." எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டேவிட்டார்.

வெள்ளிக்குள் எழுதிக் கொடுத்தால் இடத்தைத் திருப்பிவிடலாமாம். திருப்பினாலும் அது ஸ்டெல்லாவுக்கே போகும் என்று என்ன நிச்சயம்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நூலகத்தில் எடுத்த தாவரவியல் புத்தகம் இரண்டும் அப்படியே. இனிப் படித்து என்ன ஆக.

ஆகஸ்ட் 6, வெள்ளி

போகவில்லை. தலைவலி என்று படுத்திருந்தேன். தலைவலி இல்லை.

ஆகஸ்ட் 30, திங்கள்

முதல் நாள். வெயில். புது செருப்பு கடித்தது.

கேன்டீன் வாசலில் ஸ்டெல்லா. இதே காலேஜில் சிவில் எடுத்திருக்கிறாள். அது மட்டும்தான் மிச்சம் இருந்ததாம். வகுப்பில் பெண்கள் அவளும் இன்னொருத்தியும்.

ஒளிந்துகொள்ள இடமில்லை. நேரே வந்தாள். கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"இன்னா ஆச்சு உனுக்கு? செடின்னு சொன்ன. உங்கப்பா ஒத்துக்கலியா?"

அவளே கதவைத் திறந்து வைத்தாள். நான் நுழைந்துவிட்டேன். "ஆமா. உள்ள போனதும் ஒரே புடிவாதம்."

"பாவம்டி நீ. நான் உன்னப் பத்தி இன்னான்னாவோ நெனச்சிட்டேன்."

தோளில் கைபோட்டாள்.

செப். 4, சனி

அரை நாள் வகுப்பு. சாயங்கால ரயில்வரை நேரம் இருக்கிறது, நீ சொன்ன அழுத்துப்பலகையைப் பார்க்க வேண்டும் என்று ஸ்டெல்லா கூடவே பஸ் ஏறிவிட்டாள். என்ன சொல்லித் தடுப்பது. வீட்டில் தன் டிபன் மூடியைக் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். கே.ஜி.எஃப். என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் பிறந்த ஊர். எந்த லைன் வீடு, யார் மகள், என்னென்னவோ. நான் டீ போட உள்ளே.

ஸ்டெல்லாவின் குரல்: "தப்பா நெனச்சிக்காதீங்க அங்கிள். நீங்க இவள செடியே படிக்க விட்டிருக்கணும். அவ்ளோ ஆசையா சொன்னா அன்னிக்கு. நீங்க புடிவாதம் புடிச்சதாலதான்..."

பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

பிறகு அப்பா: "ஆமாம்மா. என் தப்புதான். பொண்ணு பேச்ச நான் கேட்டிருக்கணும்."

டீயைக் கொண்டுபோய் வைத்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. "நல்லா இருக்கு" என்றார். சர்க்கரையே போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

செப். 5, ஞாயிறு

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் தேவலை.

செப். 6, திங்கள்

மேகமூட்டம். குடை எடுக்கவில்லை. அப்பா பஸ் ஸ்டாப்வரை கூட வந்தார், வழக்கமில்லை. பஸ் தூரத்தில் தெரிந்ததும்:

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. அடுத்த சனிக்கிழமையும் கூட்டிட்டு வா."

நான் தரையைப் பார்த்தேன்.

"பயப்படாத. அவ இருக்கறவரைக்கும் நான் கொஞ்சம் மொறைப்பாவே இருக்கேன்."

சிரித்தார். முறைக்கிற முகத்தை ஒருதரம் செய்தும் காட்டினார், சரியாக வரவில்லை. பஸ்ஸில் கூட்டம். ஏறிவிட்டேன்.