நீலச் சட்டைப் பையில் இருந்த கம்பி

ஜெனுஷாவின் அப்பாவுக்கு,

நீங்கள் கடலால் வர முதல் நான் கந்தோர் வேலைக்குப் போகிறேன். சோறும் சூடைமீன் குழம்பும் அடுப்படியில் மூடி இருக்கின்றன. கிறீஸ் கையோடு தொட வேண்டாம்.

"கார் எஞ்சின் பூட்டியாச்சு, இனி ஒயில் விடுறதுதான் மிச்சம்" என்று நேற்றுச் சொன்னீங்கள். இன்று உங்கள் நீலச் சட்டையைத் தோய்க்க எடுத்தேன். பைக்குள் அந்தப் புது ஆறுமூலைக் கம்பி, பொலித்தீன் கூடப் பிரிக்காமல் கிடக்கிறது. "பலன்ஸ் சாஃப்ற்றில இருந்து ஒயில் பம்பைச் சுத்துறது இதுதான், பழசின்ர மூலையெல்லாம் தேஞ்சுபோச்சு" என்று எனக்குப் படிப்பித்தது நீங்கள்தானே? அப்ப இப்போது எஞ்சினுக்குள் இருப்பது அந்தப் பழசுதானே? ஒயில் ஏறாமல் எஞ்சின் நடுவழியில் இறுகிப்போகாதா?

மறந்துபோச்சு என்று சொல்லாதேங்கோ. போட் எஞ்சினில் ஒரு வொஷர் குறைந்தாலே நித்திரை கொள்ளாத ஆள் நீங்கள்.

நாளைக்கு மடு மாதா கோயிலுக்குப் பயணம். என் அண்ணாவும் வருகிறார் என்று சொன்ன நாளிலிருந்துதான் இந்த வேலை இழுபடுகிறது. அவரோடு வர மனமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கோ. பிள்ளையோடு காட்டு ரோட்டில் நிற்க வைக்காதேங்கோ.

கம்பியை அந்தோனியார் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். கார்த் திறப்பு என்னிடம். எஞ்சினின் கீழ்ச்சட்டியைத் திரும்பக் கழற்றி, இந்தக் கம்பியைப் போட்டுப் பூட்டினால் தருவேன்.

சுவேதினி

அண்ணா இன்று பின்னேரம் நாலு மணிக்கே வந்துவிடுவார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கோ, முகத்தைப் பார்த்துக் கொடுங்கோ.

இன்னொன்று. கார் ஓடாவிட்டாலும் பயணம் நிற்காது, பஸ்ஸில் போவோம். நானும் ஜெனுஷாவும் ஒரு சீற்றில். நீங்களும் அண்ணாவும் ஒரு சீற்றில்.