ஓடையில் வந்த சேலை

ஐப்பசி 18, செவ்வாய்

வெயில். இங்கே பொட்டு மழை இல்லை, மலை மட்டும் நேற்றிலிருந்து கறுத்துக் கிடக்கிறது. காலையில் மாவு ஆட்டினேன். கொய்யாப் பெட்டி கட்டச் சணல் வாங்கி வரும்படி இவரிடம் மூன்று நாளாகச் சொல்கிறேன். காதில் ஏறினால்தானே.

மதியத்துக்கு முன்னால் ஓடை வந்துவிட்டது. இரண்டு வருஷமாக ஆடு மேய்ந்த ஓடை. மேற்குக் கரையை உடைத்துக்கொண்டு தோப்புக்குள் ஏறியது. பயந்துதான் போனேன். சாயங்காலம் வடிந்த பிறகு பார்த்தால் மரத்தடியெல்லாம் வண்டல். நம் செம்மண் மேல் கன்னங்கரேலென்று. இவருக்குப் பல்லெல்லாம் வெளியே. இந்த வருஷம் எரு வாங்க வேண்டாமாம். பக்கத்துத் தோட்டத்துத் தங்கவேல் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒங்களுக்கு யோகந்தான் மதினி. எனக்கும் ரெண்டு டிராக்டர் அள்ளிக்கிறேன்."

அள்ளிக்கொள்ளட்டும் என்றேன். நம் காசா போகிறது.

ஐப்பசி 19, புதன்

வானம் மூடாப்பு. வெள்ளனே நானும் இவரும் மண்வெட்டியோடு. தங்கவேல் ஒரு டிராக்டர் அள்ளிப் போனார். மிச்சத்தை மரத்துக்கு மரம் இழுத்து விட்டோம். மண்ணுக்குள் பூண்டுப் பல், வேர் விட்டு, பச்சை முளையோடு. ஒரு ரசத்துக்கு ஆகும் என்று மடியில் கட்டிக்கொண்டேன். மகள் பஸ்ஸில் கொடுத்தனுப்பாமல் ஓடையில் அனுப்பிவிட்டாள் என்று இவர் கிண்டல் செய்தார். சிரித்தேன். கோகிலாவைக் கட்டிக்கொடுத்த இடம் இந்த ஓடை இறங்குகிற அதே மலைதான் என்பது மண்டையில் ஏறவில்லை. சிரித்தேனே, பாவி.

மூன்றாவது வரிசை மரத்தில் துணி சுற்றிக்கொண்டிருந்தது. உருவிப் பார்த்தால் சேலை. மாம்பழக் கலர். முந்தியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை.

என் சேலை. பூண்டுக் காட்டுக்குள் காட்டெருமை இறங்காமல் சுற்றிக் கட்ட, ஆடியில் கோகிலா கேட்டு வாங்கிப் போன பழஞ்சேலைகளில் ஒன்று. வேலிக் குச்சியும் முடிச்சு அவிழாமல் கூடவே வந்திருக்கிறது.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலி இங்கே வந்துவிட்டது. அப்படியானால் காடு? காட்டை ஒட்டித்தானே வீடு. மகள், மாப்பிள்ளை, பாப்பா.

கோகிலா போன் ஸ்விட்ச் ஆஃப். மாப்பிள்ளை போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்ப அதே பெண் குரல். அவளை அறையலாம் போல இருந்தது.

ஐப்பசி 20, வியாழன்

தூறல். சோறு இறங்கவில்லை.

இவர் பழனி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். மேலே மண் சரிந்து ரோடு இல்லை, ஜேசிபி போயிருக்கிறது. ஒரு ஊர் தனியாக மாட்டிக்கொண்டதாம். எந்த ஊர் என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை.

தங்கவேலின் டிராக்டர் மறுபடியும் வந்தது. அள்ளக் கூடாதென்று குறுக்கே போய் நின்றேன். அந்த மண்ணுக்குள் யார் இருப்பார்களோ. இவர் மண்வெட்டியைத் தொடவே இல்லை. முட்டி போட்டு, வரிசை வரிசையாக, வெறுங்கையால் துழாவிக்கொண்டே போனார். நான் பார்க்காத மாதிரி வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

போன் சார்ஜ். நாளைக்குப் பால் வேண்டாம். மூன்று பேரும் உயிரோடு இருந்தால் முருகனுக்கு மொட்டை. இவர் இல்லை, நான்.

ஐப்பசி 21, வெள்ளி

தெரியாத நம்பர். எடுக்கக் கை வரவில்லை, இவர் எடுத்து என் காதில் வைத்தார்.

"அம்மா, நாங்க இருக்கோம்மா."

பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்களாம். மலை இரைந்த சத்தம் கேட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வீடு பாதி நிற்கிறது. காடு என்னாச்சு என்று கேட்டேன். ஓசிப் போன், வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

இவர் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அப்புறம் இரண்டு பேரும் வெட்கமில்லாமல் இட்லியாகத் தின்றோம். மாவு புளித்துப் போயிருந்தது.

ஐப்பசி 24, திங்கள்

வெயில். வந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பை. கோகிலா என் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். பாப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

மாப்பிள்ளை காபி குடித்துவிட்டுத் தோப்புப் பக்கம் போனார். நானும் இவரும் பின்னாலேயே. மரத்தடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூண்டு நிமிர்ந்து நிற்கிறது. குனிந்து ஒரு கை மண் அள்ளினார். பிசைந்தார். மோந்து பார்த்தார்.

"இது எங்க மண்ணுங்க அத்தை. எங்க அய்யா காலத்துலருந்து சாணி போட்டுப் போட்டு பதமாக்குன மண்ணு."

யோகம் என்றல்லவா பேசிக்கொண்டிருந்தோம். இவர் படபடவென்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோய்க் கொட்டிவிடலாம், தங்கவேலிடம் போனதையும் கேட்டு வாங்கிவிடலாம் என்று. நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

மாப்பிள்ளை அந்தக் கைப்பிடி மண்ணைக் கொய்யா மரத்தடியிலேயே மெதுவாக விட்டார்.

"எங்கன மாமா கொட்டுறது? அங்க வெறும் பாறைதான் கெடக்கு. மண்ணு நிக்காது."

கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கவில்லை.