பூனைக்காக நின்ற காற்றாலை

நோர்ட்வால்டே,
1945 ஆகஸ்ட் 12

அன்பு மகள் ரென்ஸ்கேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் திடமாக இருக்கிறேன், இரண்டு பல் போயிற்று, ஆலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கக் கடவுள் துணை. விசாரிப்பு முடிந்தது, இனி நேராகச் சொல்கிறேன். எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. பெண்டாட்டியை அடக்கம் செய்த அன்று காற்றாலையை ஓட்டியவன், பூனை செத்ததற்கு அதே ஆலையைத் துக்கத்தில் நிறுத்தியவன் என்று ஊர் என்னைப் பேசுகிறது. தேவாலயச் சபை எனக்குத் திருவிருந்து மறுத்துப் பத்து மாதம் ஆகிறது. உன் அத்தை ஆஃப்கே அதை ஒரு வரி விடாமல் உனக்கு எழுதினாள், நீயும் நம்பிவிட்டாய். அம்மாவை விடப் பூனை பெரிதாகப் போயிற்றா, இனி எனக்குக் கடிதம் போடாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். போடாதே என்றால் போடாமலிருக்க நான் உன் பிள்ளையில்லை, அப்பன். நீ அனுப்பிய காப்பிப் பொட்டலம் உன் கடிதத்துக்கு நான்கு நாள் முன்னதாக வந்துவிட்டது. ஐந்து வருஷம் கழித்து நல்ல காப்பி குடித்து உன்னை வாழ்த்திக்கொண்டிருந்தபோதுதான் கடிதம் வந்தது. வாழ்த்தைத் திரும்ப வாங்கவில்லை.

நீ ஆலைக்காரன் மகள், இறக்கையின் பேச்சு உனக்குத் தெரியும். மாப்பிள்ளை மரக்கடைக்காரர், அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன், படித்துக் காட்டு. மேலேறும் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினால் அது வரும் நிலை, கல்யாணமோ பிள்ளைப்பேறோ என்று பொருள். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் நிறுத்தினால் போகும் நிலை, துக்கம். எங்கள் அப்பா காலத்திலும் அவர் அப்பா காலத்திலும் அதுதான் வழக்கம். நாற்பத்து மூன்றாம் வருஷம், ஜெர்மன்காரன் நம் நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, நம் வைத்தியர் ஒரு மூட்டை பார்லியோடு வந்து, அரைக்கக் கொடுப்பதுபோல் நின்றுகொண்டு, காதோடு சொன்னார். கால்வாய்க்கு அப்பால் பண்ணைகளில் ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள், யூதர்களும் உண்டு, ஜெர்மனிக்கு வேலைக்குப் போக மறுத்த பையன்களும் உண்டு. எந்தப் பண்ணையில் யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடித்தாலும் சொல்ல முடியாதபடி தெரியாமலிருப்பதுதான் ஏற்பாடு. ஆலை சுற்றினால் பயமில்லை. காற்றிருந்தும் நின்றால் தயாராக இருக்க வேண்டும். போகும் நிலையில் நின்றால் நாணல் காட்டுக்குள் ஓட வேண்டும். இது தெரிந்தவர்கள் அவர், நான், உன் அம்மா, ஒளித்து வைத்தவர்கள், ஒளிந்தவர்கள். ஆஃப்கேவுக்குத் தெரியாது, அவளிடம் சொல்வதும் சந்தையில் தமுக்கு அடிப்பதும் ஒன்று.

அடுத்த பிப்ரவரியில் அம்மாவுக்கு மார்புச் சளி முற்றியது. கடைசி நாள் காலையில் மூச்சு வாங்கிக்கொண்டே என் சட்டைக் கையைப் பிடித்தாள். "என்னங்க, நான் போனா ஆலைய நிறுத்திடாதீங்க. வெளியில ஐஸ் கட்டிக் கிடக்கு, எனக்காக அழறேன்னு அந்தச் சனங்கள நாணலுக்குள்ள ஓட விட்டுடாதீங்க" என்றாள். அது எப்படி ஃபென்னா, ஊர் என்ன சொல்லும் என்றேன். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "முப்பத்தோரு வருஷத்துல எனக்காக ஒரு நாள் அதை நிறுத்தியிருக்கீங்களா? செத்தப்புறம் மட்டும் என்ன புதுசா" என்றாள். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. அடக்கத்தன்று வடமேற்குக் காற்று பலமாக வீசியது. வேலைக்காரன் வீபேயை முன்பே ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் காற்றில் சுற்றுகிற ஆலையைத் தனியே விட்டுப் போகக்கூடாது, உராய்வில் தீப்பற்றிக்கொள்ளும். ஆகவே நான் கல்லறைக்குப் போகவில்லை ரென்ஸ்கே. ஆலையின் மேல்தளத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கால்வாய்க் கரைமேல் கறுப்பு வரிசையாக அவளைக் கொண்டுபோனது தெரிந்தது. ஒவ்வொரு இறக்கையும் குறுக்கே வந்து மறைத்தது, விலகியதும் அவள் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தாள். இதைத்தான் உன் அத்தை, அண்ணன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறாள்.

இனி பூனை விவகாரம். அந்த அக்டோபரில் கால்வாய்ச் சாலையில் ஜெர்மன் சிப்பாய்களோடு மூன்று லாரி வருவதைக் கண்டேன். உடனே ஆலையைப் போகும் நிலையில் நிறுத்தினேன். சிப்பாய்கள் ஊருக்குள் பரவியிருந்த நேரம், சபை மூப்பர் பொப்கோ வந்து வாசலில் நின்று, அவர்கள் காதில் விழும்படி கத்தினார். "யோவ் ஏப்போ, பொண்டாட்டிக்கே நிக்காத ஆலை இப்ப எந்தப் பூனைக்குய்யா நிக்குது?" நான் என்ன சொல்வேன்? "ஆமாய்யா, எங்க வீட்டுப் பூனைக்குத்தான்" என்றேன். ஒரு சிப்பாய்க்கு நம் பாஷை கொஞ்சம் தெரியும், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்று ஒருவர்கூட அகப்படவில்லை. பூனை இதை எழுதும்போது அடுப்படியில்தான் படுத்திருக்கிறது, அது செத்ததா என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மறு ஞாயிறே சபை என்னை விலக்கியது. சாட்சி சொல்லக்கூடிய வைத்தியரை ஜனவரியில் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. கால்வாய்க்கு அப்பால் பண்ணைக்காரர்கள் வேறு சபை, யார் என்றும் எனக்குத் தெரியாது. விடுதலைக்குப் பிறகு நானே போய்ச் சொல்லியிருக்கலாம் என்பாய். கேட்காதவனிடம் போய் நியாயம் சொல்ல மாட்டேன், நீ கேட்டாய், கோபமாகவாவது கேட்டாய், அதனால் சொல்கிறேன்.

போன வாரம் செல்மா என்றொரு பெண் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தாள், கையில் ஒன்றரை வயதுப் பையன். அவள் எங்கோ கால்வாய்க்கு அப்பால் ஒரு வைக்கோல் பரணில் இருந்தவளாம். அம்மாவை அடக்கம் செய்த அன்று அந்தப் பையனுக்குப் பதினோரு நாள் வயது. "கரையில சவ ஊர்வலம் போறது பரண் இடுக்கு வழியா தெரிஞ்சதுங்க. யாரோ பெரியவங்க போயிருக்காங்க, ஆலை நின்னுடும், இவனைத் தூக்கிக்கிட்டு அந்த ஐஸ்ல எப்படி ஓடுவேன்னு துணியில சுத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அது சுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றாள். போனது யார் என்று சொன்னேன். மொத்தம் பதினான்கு பேர் ஒளிந்திருந்தார்களாம், பதினான்கு பேரும் உயிரோடிருக்கிறார்களாம், அவள் விரல் விட்டுப் பெயர் சொன்னாள். பையன் பூனையின் வாலைப் பிடித்திழுத்துக் கீறல் வாங்கினான். உன் காப்பியில் பாதியை அவளுக்குப் போட்டுக் கொடுத்தேன், நீ தப்பாக நினைக்க மாட்டாய்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். கனமான வாளி தூக்காதே, அம்மாவுக்கு உன்னைச் சுமந்தபோது அதனால்தான் இடுப்பு போயிற்று. இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். மூப்பர் பொப்கோ ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் எழுந்து நின்று, வாசலில் கத்திய அதே குரலில், தான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும், முணுமுணுத்தால் செல்லாது. ஆஃப்கே உனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும், முதல் கடிதத்தை விட ஒரு பக்கமாவது நீளமாக. செப்டம்பர் முதல் தேதி அம்மாவின் பிறந்த நாள். அன்று நான் ஆலையைப் போகும் நிலையில் நிறுத்துவேன், வழக்கப்படி ஆறு வாரம், அரைக்க வருகிறவர்கள் அடுத்த ஊருக்குப் போகட்டும். செல்மா பையனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், இறக்கையைக் கட்டும் சங்கிலியை அவள்தான் பிடிக்க வேண்டும். உனக்குப் பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளை அன்றே தந்தி அடிக்க வேண்டும். ஆறு வாரம் முடியவில்லையே என்று யோசிக்க வேண்டாம், அம்மா விட்டுக்கொடுப்பாள். ஆலையைப் பின்னால் திருப்பக்கூடாது, திருப்பவும் தேவையில்லை. கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைய முன்னே விட்டால் போதும், அடுத்த இறக்கை வரும் நிலையில் வந்து நிற்கும். அதை நான் செய்வேன். எனக்குக் கடிதம் போட வேண்டியது நீ.

உன் அப்பா,
ஏப்போ