தலைவர் படத்தின் அளவு

செவ்வாய்க்கிழமை.

அப்பாடா, வேலை கையை விட்டுப் போகவில்லை.

கனடா நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும் ஒரு தமிழருக்கு மேற்கு மாம்பலத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் வடிவமைக்கிறேன். கட்சித் தலைவரின் பெயர் கெட்டுக் கிடப்பதால் அவர் படமே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இந்த ஊர்க் கட்சிகளுக்குப் போஸ்டர் போட்டுப் பழகிய கை கேட்குமா? நேற்று தலைவரை மேலே பெரிதாக வைத்து, வேட்பாளரைக் கீழே ஸ்டாம்பு அளவில் ஒட்டி அனுப்பிவிட்டேன். காலையில்தான் உறைத்தது.

"எங்கயோ எவரோ நிக்கிறாரு, நீங்க ஏன் சோறு எறங்காம உக்காந்திருக்கீங்க?" என்றாள் என் மனைவி.

சாயங்காலம் வேட்பாளரே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அண்ணை, பழைய தலைவர் விலகிட்டார். புதுசா வந்தவருக்குச் சனத்திட்ட நல்ல ஆதரவு. அந்த இடத்தில இவற்ற படத்தைப் போடுங்கோ. அளவு அப்பிடியே இருக்கட்டும்."

எனக்கு உயிர் வந்தது. "உங்க படம் ரொம்பச் சின்னதா இருக்கு சார். பெருசாக்கட்டுமா?"

கொஞ்சம் யோசித்தார்.

"வேண்டாம். அவருக்குக் கிட்ட நகர்த்தி விடுங்கோ."

நகர்த்தினேன். இனி பயமில்லை. இது எனக்குப் பழகிய தேர்தல்தான்.