ஒரு தீக்குச்சி தூரம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

உன் செய்தி கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வருடம் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவன் நீ. நல்லா இருடா.

சனிக்கிழமை வகுப்பில் சொன்னேன். எங்கள் நூலக மாடியில் அந்தக் கணக்கை அறியாத பிள்ளை கிடையாது. முடிவில்லாத ஒரு தாளுக்கு நிறம் அடிக்க வேண்டும். சரியாக ஒரு தீக்குச்சி தூரத்தில் இருக்கும் எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரே நிறம் வரக்கூடாது. நாலு நிறம் போதாது, ஏழு போதும். ஐந்தோ ஆறோ போதுமா என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"ஏழேதான் வேணும்னு என் தம்பி நிரூபிச்சுட்டான்" என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. வாயாடி என்று நான் கூப்பிடும் சிறுமி, கலர் பென்சில்களை டப்பாவில் போட்டு மூடினாள். "அப்ப இனிமே நாங்க எதுக்கு மிஸ்?" என்றாள்.

நீயே வந்து சொல்லேன். பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டு, படித்த படிப்பைப் பாழாக்குகிறேன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதற்காகக் கூப்பிடாமல் இருப்பேனா?

உன் அக்கா

மார்ச் 15

அக்கா,

வர முடியாது. இருநூறு பக்க நிரூபணம் அது. தீக்குச்சியை வைத்து விளக்க முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நிரூபணத்தில் ஓட்டை. சரிபார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அடைக்க அடைக்கப் பெரிதாகிறது. நேற்று திரும்பப் பெற்றுவிட்டேன். எட்டு வருடமும் போச்சு, அக்கா. யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

பிள்ளைகளிடம் சொல்லிவிடு, இன்னும் யாருக்கும் தெரியாது என்று. வாராவாரம் அவர்கள் முன்னால் நின்று எப்படித்தான் 'தெரியாது' என்கிறாயோ! எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லவே வரவில்லை.

தம்பி

மே 28

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நேற்று வகுப்பில் சொன்னேன். உன்னிடம் மறைக்க மனமில்லை: பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

வாயாடி மட்டும் குதிக்கவில்லை. "அவங்க அழுதாங்களா மிஸ்?" என்றாள்.

"அழுதிருப்பான்."

பெஞ்சில் தன் பக்கத்தில் வைத்திருந்த பையைத் தூக்கித் தரையில் வைத்தாள். "இங்க வந்து உக்காரச் சொல்லுங்க."

சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு. நீ எதையும் விளக்க வேண்டாம். தீக்குச்சி தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா. பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் மருந்தைக் கிள்ளி எடுக்க வேண்டும். அதற்கு எனக்கு ஒரு கை குறைகிறது.

அக்கா