ஜிண்டோ கேட்டால் பசை கொடுப்பவர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பையனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்தைத்தான் நான் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, தூசு எங்கெங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்குப் பளிச்சென்று தெரிவதால் வீட்டில் எனக்கு வேலை கூடிவிட்டது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. நீ போனில் கேட்டபோது நான் மழுப்பினேன், உன் மாமனார் பக்கத்துக் கதையை நீ கேட்டாகிவிட்டது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், எனக்குக் கோர்வை அறுந்துவிடும்.

ஜிண்டோ பசைக் கம்பெனியின் விற்பனை ஆளாக நான் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறிய காலத்தில் பசை என்றால் பசைதான், ஜிண்டோ என்றால் என்ன என்று கேட்பார்கள். பசை என்று சொல்லாதீர்கள், ஜிண்டோ என்று சொல்லுங்கள் என்று கடைக்காரர்களிடம் வாய் வலிக்கச் சொல்லி, எது உடைந்தாலும் ஜிண்டோ போடு என்று கம்பெனி செலவில் பலகை எழுதி மாட்டினோம். உன் மாமனாரின் ஹார்டுவேர் கடையில் ஏணியில் ஏறி ஆணி அடித்தது நான், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டது அவர், பழக்கம் அங்கே தொடங்கித்தான் உன் கல்யாணத்தில் வந்து நின்றது. நாங்கள் நினைத்ததற்கு மேலேயே நடந்துவிட்டது. செருப்பு பிய்ந்தால் ஜிண்டோ, பொம்மைக்குக் கை போனால் ஜிண்டோ, எந்தக் கம்பெனி பசையாக இருந்தாலும் அது ஜிண்டோ, நகல் எடுப்பதை எல்லாரும் ஜெராக்ஸ் என்கிறோமே அந்த மாதிரி. அன்றைக்கு அதற்காக எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். இன்றைக்கு அதுவே கம்பெனிக்கு வயிற்றுவலி. வேறொரு பசைக்காரன் தன் டியூபிலேயே ஜிண்டோ என்று அச்சடித்து விற்கிறான், கேட்டால் அது ஊர் வார்த்தை, உங்கள் சொத்து இல்லை என்கிறான், கம்பெனி அவன் மேல் வழக்குப் போட்டிருக்கிறது.

ஓய்வு பெற்று, படித்த பேப்பரையே திரும்பப் படித்துக்கொண்டிருந்த என்னைக் கம்பெனி வக்கீலம்மா கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். கடைக்குப் போய் ஒரு ஜிண்டோ குடுங்க என்று ஒரே தடவை கேட்க வேண்டும், வேறு பேச்சு கூடாது. வேறு பசையை எடுத்துக் கொடுத்தால் பில்லோடு வாங்கி வர வேண்டும், ஜிண்டோ என்று ஏமாற்றி விற்கிறார்கள் என்று கோர்ட்டில் காட்ட. இது வேற கம்பெனி, பரவாயில்லையா என்று கடைக்காரர் கேட்டுவிட்டால் அவர் மேல் குற்றமில்லை. முன்கூட்டி யாருக்கும் மூச்சு விடக் கூடாது. வீட்டிலும் ஜிண்டோ என்று மொட்டையாகச் சொல்லாமல் ஜிண்டோ பிராண்டு பசை என்றுதான் சொல்ல வேண்டுமாம், இதை உன் அம்மாவிடம் சொன்னேன், பெத்த பொண்ணையே நான் முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல, ஒரு பசையைப் போயி கூப்பிடணுமா என்று கேட்டாள்.

சம்பந்தி கடைக்கு நான் போகமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், வக்கீலம்மாவும் சரி என்றார். ஆனால் அந்தத் தெருவுக்கு இதே வேலையாக வேறொரு பெண் போகப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் உன் மாமனார் கடையில் உட்கார்ந்து வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தேன், வெயிலைப் பற்றி, உன் பையனுக்கு விழுந்த பல்லைப் பற்றி, என்னென்னவோ பேசினோம், இதை மட்டும் நான் சொல்லவில்லை. அந்தப் பெண் போனாள், கேட்டாள், அவர் வழக்கம்போல் கைக்கு அகப்பட்ட வேறு கம்பெனி டியூபை எடுத்துக் கொடுத்தார், நோட்டீஸ் வந்தது. பசைக்காரன் மேல் போட்ட வழக்கிலேயே கடைக்காரர்களையும் சேர்த்திருக்கிறார்கள், கம்பெனி ஜெயித்தால் நஷ்டஈடு அவர் தலையிலும் விழும், கடையை விற்றால்தான் கட்ட முடியும் என்று அவர் சொல்வதில் மிகை ஒன்றும் இல்லை.

நோட்டீசைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜிண்டோன்னு சொல்லச் சொன்னதும் நீங்க, சொன்னா குத்தம்னு நோட்டீஸ் விடறதும் நீங்க, அதுகூடப் போகட்டும், ஆளு வரப்போறாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சம்பந்தி என்று கேட்டார். அது கம்பெனி விதி என்றேன். சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சில நாள் கழித்து, குழாய்க்கு வாஷர் வாங்குகிற சாக்கில் நானே கடைக்குப் போனேன். வாஷரை எடுத்து வைத்து, நீங்க வழக்கமா வாங்கறது இல்ல, இது வேற கம்பெனி, பரவாயில்லையா சார் என்றார். என்னை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பில்லும் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அளவு சரியில்லை, மாற்றப் போவதற்கு எனக்கு முகமில்லை, குழாய் ஒழுகுகிற கதை இதுதான்.

போன வாரம் கம்பெனி சாட்சியாக என்னைக் கோர்ட்டில் ஏற்றினார்கள். உன் மாமனார் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எந்தெந்தக் கடையில் என்ன கொடுத்தார்கள் என்று வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அவங்க உங்கள ஏமாத்தினாங்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வேன் என்றுதான் கம்பெனி நினைத்திருக்கும். இல்ல, ஜிண்டோ கேட்டேன், பசை குடுத்தாங்க, ஜிண்டோன்னா பசைன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் என்றேன். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை, ஆனால் கம்பெனியிலிருந்து அதற்குப் பிறகு எனக்கு அழைப்பும் வரவில்லை. எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன். அந்தப் பேரை ஊர் வாயில் ஏற்றியவன் நான், அது கம்பெனியின் கையை விட்டுப் போனால் அதுவும் என் வாயால்தான் போயிருக்கும். உன் மாமனாருக்காக நான் அப்படிச் சொன்னதாக நினைக்காதே, அவர் அங்கே இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். வெளியே வந்து பார்த்தேன், அவர் கிளம்பிப் போயிருந்தார்.

கோர்ட்டில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வீட்டில் நின்றுகொண்டே அவர் கேட்டதற்கு விதி என்று சொன்னேனே, அது பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன், அம்மா தானும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் மேல் ஒருவர் மனத்தாங்கல் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். குளிரில் பையனுக்குக் காதை மூடிவிடச் சொல்கிறாள் அம்மா. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கண்டதும் மாமனாருக்குப் போன் பண்ணி எனக்காகப் பேசி வைக்காதே. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்தது நான், அதை நானே என் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா