வாடாமல்லி வண்டி

1996 ஜூலை 9, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. பாறசாலை ஆபீசில் இன்று மூன்றே மூன்று புக்கிங். நானும் ஈயும்தான் உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் முதலாளி கருணாகரன் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தார். சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அமிர்தா, ரோட்டுல நம்ம வண்டி போனா ஒருத்தனுக்காவது தெரியுமா, அது நம்ம வண்டியாக்கும்னு?"

தெரியாதுதான். பால் வண்டியும் வெள்ளை, ரொட்டி வண்டியும் வெள்ளை, எங்கள் பார்சல் வண்டியும் வெள்ளை. பக்கத்தில் மகன் பெயரை வைத்து 'அனூஜ் பார்சல் சர்வீஸ்' என்று எழுதியிருக்கிறார். அதை வாசிக்க வண்டி நின்றால்தான் உண்டு. இனிமேல் ஒரு நிறம் வேண்டுமாம், தூரத்தில் பார்த்தாலே தெரிகிற ஒரு படம் வேண்டுமாம். "நீ ஓணத்துக்கு நல்லா அத்தப்பூ இடுவியே, ஒண்ணு வரஞ்சு காட்டு" என்றார்.

ஆறு வருஷமாக இந்த மேசையில் சீட்டு எழுதுகிறேன். என்னை ஒருவர் வரையச் சொன்னது இதுதான் முதல் தடவை.

புக்கிங் சீட்டின் பின்பக்கத்திலேயே வரைந்தேன். ஒரு வெள்ளைப் பெட்டி. மேலிருந்து கீழே ஒரு நாடா, குறுக்கே ஒரு நாடா. பிறந்தநாளுக்குக் கொடுக்கிற பரிசு மாதிரி. சுற்றிலும் வாடாமல்லி நிறம். ரோட்டில் வேறு எவனிடமும் இல்லாத நிறம் அது. அத்தக்களத்துப் பூக்கோலத்தில் வாடாமல்லி விழுந்த பிறகுதான் எனக்கு ஓணம் வந்த மாதிரி இருக்கும்.

ஜூலை 10

முதலாளிக்குப் பிடித்துவிட்டது! சீட்டை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். ராத்திரிச் சோற்றுக்கு இரண்டு கறி வைத்தேன். என்ன விசேஷம் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்டு 17, சனி

சிங்ஙம் ஒன்று, மலையாள வருஷப் பிறப்பு. அமரவிளை பெயிண்டர் செல்லசாமி நான்கு வண்டியையும் எழுதி முடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். தேங்காய் உடைத்தோம். ஜங்ஷனில் போன பஸ்ஸே வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் கலங்கிவிட்டது.

கடற்கரை ஊர்களுக்கு, எங்கள் பேச்சில் கடப்புறத்துக்கு, போகிற வண்டி டிக்சனுடையது. பொழியூர்ப் பக்கத்துப் பையன், ஆனால் வண்டியில் கைவைத்தால் நாற்பது வயசு நிதானம். அவன் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவைக் குரிசு வரைந்துகொண்டான். எவ்வளவு பக்தி பாருங்கள் என்று நினைத்தேன். ஏறி ஓட்டிப் போனான்.

முதலாளி வந்தவர் போனவரிடமெல்லாம் "எனக்க ஐடியாவாக்கும்" என்கிறார். லெட்டர்பேடு, பில் புத்தகம், காலண்டர், எல்லாவற்றிலும் என் பெட்டி. ஐடியா அவருடையதாகவே இருக்கட்டும். கொஞ்சம் எரிந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 12, வியாழன்

டிக்சன் மத்தியானமே திரும்பிவிட்டான். முகத்தில் ரத்தமில்லை. "சேச்சி, இனி நான் இந்த வண்டிய எடுத்துட்டு அங்க போவ மாட்டேன்."

கடப்புறத்தில் மார்கிரெட் என்று ஒருத்தி. அவள் புருஷன் ஜோக்கிம் ஷார்ஜாவில். இரண்டு மாசமாகக் கடிதமும் இல்லை, போனும் இல்லை. அவனிடமிருந்து விமான நிலையம் வழியாக இன்று ஒரு அட்டைப்பெட்டி வந்திருந்தது. டிக்சன் கொண்டுபோய் அவள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறான். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலை தூக்கிப் பார்த்திருக்கிறாள். கத்தி கீழே விழுந்தது, உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள், பிறகு ஒரே அலறல். அஞ்சு நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. ஒருத்தன் மாதா கோயில் மணி அடிக்கவே ஓடிவிட்டானாம். இவன் "பார்சலாக்கும், பார்சலாக்கும்" என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது: "அந்த வண்டியில வந்தது எனக்கு வேண்டாம். கொண்டு போ."

"ஏன்?" என்று கேட்டேன், மக்கு மாதிரி.

அவன் என்னை வெளியே அழைத்துப் போய்ப் பத்தடி தள்ளி நிற்க வைத்தான். "கடப்புறத்துக்காரியா நின்னு பாருங்க."

பார்த்தேன். ஒரு பெட்டி. பெட்டிமேல் ஒரு குரிசு.

"மரிச்ச வீட்டுக்குக் கோயில் அச்சன் உடுத்திட்டு வாற நெறம் இது. வாடாமல்லின்னா உங்களுக்கு ஓணம். எங்களுக்குச் சவத்துமேல ரீத்துல வைக்கிய பூவாக்கும். கல்ஃபுல மரிச்சவியளும் பெட்டியிலதானே சேச்சி வாறாவ? அதே ஏர்போட்டு, இதே ரோடு."

"அன்னைக்கு நீ குரிசு வரைஞ்சியே—"

"சவ வண்டியக் கண்டா வரயாம இருக்க முடியுமா?"

"எலே, அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க அன்னைக்கு எவ்வளவு சந்தோசமா நின்னிய. எனக்கு வாய் வரல்ல."

செப்டம்பர் 13

நாடா. நான் நாடா என்றுதான் நினைத்தேன்.

செப்டம்பர் 28, சனி

மார்கிரெட்டின் பெட்டி ஆபீஸ் மூலையிலேயே இருக்கிறது. எங்கே உட்கார்ந்தாலும் அது என்னைப் பார்க்கிறது.

கடப்புறம் முழுக்கப் பரவிவிட்டது. வண்டியைத் தெருவுக்குள் விடுவதில்லை. பாலத்தருகே நிறுத்திவிட்டு டிக்சன் பெட்டிகளைத் தலையில் சுமந்து போகிறான். பெண்கள் கல்ஃபில் இருக்கிற மாப்பிள்ளைமாரிடம் "வேற கம்பெனியில அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார்கள். சாமான்கள் பாதியாகக் குறைந்தாயிற்று.

முதலாளிக்குக் காரணம் தெரியாது. "கடப்புறம் போனா பாறசாலை ஆபீசு எதுக்கு? கிறிஸ்மஸ் வரை பாப்போம், அப்புறம் பூட்டிருவோம்" என்கிறார். பூட்டினால் டிக்சனும் நானும் வீட்டில்தான். சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். தன் ஐடியா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் அது சவப்பெட்டி என்று எப்படிச் சொல்வது? இல்லை, அதெல்லாம் சாக்கு. அடி, அமிர்தா, நீ பயந்தாங்கொள்ளி.

அக்டோபர் 6, ஞாயிறு

கோயில் திருநாளுக்குக் கடப்புறத்தில் ஃபுட்பால் பந்துகளி போட்டி. கிளப்புக்கு ஜெர்சி கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று டிக்சன் முதலாளியிடம் சொல்லிவைத்திருந்தான். அவர் துள்ளிக்குதித்தார். பதினைந்து ஜெர்சி, மைதானத்தைச் சுற்றித் துணி பேனர், மைக்கில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை கம்பெனி பெயர். கைவிட்டுப் போன கடப்புறம் இதோடு திரும்பி வரும் என்கிறார். ஜெர்சி வாடாமல்லி. நெஞ்சில் அந்தப் பெட்டி.

இன்றும் நான் வாய் திறக்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

மாதிரி ஜெர்சியை கிளப்புக்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்கள். "நெஞ்சுல சவப்பெட்டிய ஒட்டிட்டா எங்கள ஓடச் சொல்லிய? நாங்க பனியனப் போட்டுட்டே களிச்சுக்கிடுவோம்." மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதனால் இன்னும் வலித்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன். ஜெர்சி வேண்டாமாம் என்று மட்டும் சொன்னேன். "ஓசியில குடுத்தாலும் குத்தமா? பந்துகளியும் வேண்டாம், கடப்புறமும் வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

அந்தப் பெட்டியை நானே கொண்டுபோனேன்.

பஸ்ஸில். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான். இறங்கி மணலில் இடுப்பில் வைத்தும் தலையில் வைத்தும் நடந்தேன். மார்கிரெட் முப்பது வயசுக்காரி, மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் வாசலை மறித்து நின்றுவிட்டாள்.

என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோச்சு. "அந்தப் படத்த வரஞ்சது நானாக்கும். நாடான்னு நெனச்சு வரஞ்சேன். உங்கள அழவச்சிட்டேன். மன்னிக்கணும்" என்றேன். பெட்டியைப் படியில் வைத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். கல்ஃப் பெட்டிகளைக் கம்பெனிக்காரர்கள் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்குவார்கள். இதில் பட்டைக்கு மேலே நைலான் கயிறு, நீளவாட்டில் மூன்று, குறுக்கில் மூன்று, சேருகிற ஒவ்வொரு இடத்திலும் வலைக்குப் போடுகிற முடிச்சு. ஒரு மாசத்துக்கு மேல் என் கண் முன்னால் இருந்த பெட்டி. நான் கயிறு என்று மட்டும் பார்த்திருந்தேன்.

மார்கிரெட் குனிந்து ஒரு முடிச்சைத் தொட்டாள். அடுத்ததைத் தொட்டாள். "இது எனக்க மாப்பிள கெட்டின கெட்டு" என்றாள். "எல்லாவனும் முடிச்ச வலத்த இழுப்பான். அவரு இடத்த கைக்காரரு, இடத்த இழுப்பாரு." பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

முடிச்சை அவள் அறுக்கவில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். உள்ளே கம்பளி, சோப்பு, பவுடர், அடியில் ஒரு கடிதம். பழைய கம்பெனி மூடிவிட்டது, வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், பாலைவனத்துக்குள், போன் கிடையாது, கிறிஸ்மஸுக்கு வருவேன். இத்தனை நாளும் அந்தக் கடிதம் என் ஆபீஸ் மூலையில்தான் கிடந்திருக்கிறது!

பாலில்லாத கட்டன்சாயா போட்டுத் தந்தாள். நிறம் அவளுக்குப் பெரிய காரியமில்லையாம். "நெறம் கெடக்கட்டு. நாங்களும் வாடாமல்லி சேலை உடுத்துவோம். அந்தக் குரிசுதான்." கிளம்பும்போது சொன்னாள்: "பேரெழுதாத பெட்டியக் கண்டாத்தான் சேச்சி பயம். பேரு இருந்தா, அது யாருக்கோ அனுப்பினது."

அக்டோபர் 21, திங்கள்

நெய்யாற்றின்கரைக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நான் வரஞ்சது, தப்பு எனக்குள்ளது" என்றேன்.

முதலாளி மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "அதானே பாத்தேன். நான் இப்படி வரய மாட்டேனே" என்றார். ஐடியா ஒரு நொடியில் என்னுடையதாகிவிட்டது. பர்சிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினார். மூன்று மாசமாக வைத்திருந்திருக்கிறார், மடிப்பில் கிழிந்திருந்தது. சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"வண்டியெல்லாம் மறுபடி பெயிண்டடிக்க என்னால ஆவாது."

"பெயிண்ட் வேண்டாம். பெட்டிய மட்டும் மாத்தினாப் போதும்." அவர் மேசையிலேயே வரைந்தேன். வெள்ளையை எடுத்து அட்டைப்பெட்டி நிறம். மூன்றுக்கு மூன்று கயிறு, சேருகிற இடமெல்லாம் முடிச்சு, மூலையில் ஒரு விலாசம்.

"யாருக்க விலாசம்?"

சொன்னேன். அனூஜ் என்று எழுதினால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். பிறகு, சரி, ஒரு வண்டியில் எழுதிப் பார் என்றார். அதுவும் டிக்சன் வண்டி.

அக்டோபர் 26

மார்கிரெட்டிடம் சம்மதம் கேட்டு டிக்சனை அனுப்பினேன். "எனக்க பேர வண்டியில எழுதினா ஊரு சிரிக்கும்" என்றாளாம். அவன் திரும்பி நடக்கும்போது கூப்பிட்டு, "எழுத்து நல்லதா இருக்கட்டு" என்றாளாம்.

நவம்பர் 3, ஞாயிறு

செல்லசாமிக்கு முடிச்சு வரவில்லை. நாலு தடவை அழித்தார். கடைசியில் டிக்சன் ஒரு கயிற்றை எடுத்து அவர் முன்னால் கட்டிக் காட்டினான். "எலே, இடத்த இழு" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

திருநாள் பந்துகளி. முதலாளி மனசு மாறி மறுபடி தைக்கக் கொடுத்த புது ஜெர்சியில் நம் பையன்மார் இறங்கினார்கள். நெஞ்சில் கயிறு கட்டிய பெட்டி. முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். மைக்குக்காரன் அதற்கும் "அனூஜ் பார்சல் சர்வீஸ் வழங்கும்" என்றான். முதலாளி தலையில் கைவைத்தார்.

ஆனால் நான் பார்த்தது வேறு. டிக்சன் வண்டியை மைதானத்து ஓரத்தில் நிறுத்தியிருந்தான். காலையில் சுற்றிலும் ஒருவரும் இல்லை. ஒரு கிழவர் மட்டும் கிட்டே வந்து, விலாசத்தை விரலால் தடவி வாசித்துவிட்டு, "நம்ம மார்கிரெட்டாக்கும்!" என்று சத்தமாகச் சொன்னார். சாயங்காலம் பார்த்தால் வண்டியின் மேல் பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள். "பெயிண்டு போவும், எறங்குங்கலே" என்று முதலாளி கத்தினார். யாரும் இறங்கவில்லை.

டிசம்பர் 2

டிக்சன் இப்போது பாலத்தில் நிறுத்துவதில்லை. மற்ற மூன்று வண்டியும் செல்லசாமியிடம் போயிருக்கிறது.

டிசம்பர் 19, வியாழன்

மூச்சுவிட நேரமில்லை. மூலை முதல் வாசல் வரை பெட்டிகள். ஆபீசைப் பூட்டுகிற பேச்சையே முதலாளி மறந்துவிட்டார். அடுத்த வருஷக் காலண்டருக்கு "என்ன படம் போடலாம்னு யோசிச்சு வை" என்கிறார். நல்லா வந்தால் அது அவர் ஐடியா. நான் இப்போதே தயார்.

நாலு மணிக்கு மார்கிரெட் வந்தாள். வாடாமல்லிச் சேலை. சனிக்கிழமை காலை ஜோக்கிமின் விமானம் வருகிறது, ஏர்போர்ட்டுக்கு டிக்சனின் வண்டி வேண்டும் என்றாள். வண்டியில் ஆளை ஏற்றக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். டாக்சி கிடைக்குமே என்றேன்.

"டாக்சி கிட்டும் சேச்சி. ஆனா எனக்க பேரு எழுதினது இந்த வண்டியிலல்லா."

புக்கிங் சீட்டை எடுத்தேன். அனுப்புமிடம், ஷார்ஜா. பெறுபவர், மார்கிரெட். 'பொருள்' என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அவள் மேசைமேல் குனிந்து பார்த்தாள்.

"ஆளுன்னு எழுதுங்க" என்றாள். பிறகு மெல்ல, "உயிரோடன்னும் எழுதுங்க."

அப்படியே எழுதி, சீல் குத்திக் கொடுத்தேன்.